சிவந்த மஞ்சள்

"குறுக்க போடு, ஜவ்பர்," என்றாள் அனிற்றா.

ஜவ்பர் போட்டான். புளத்கொகுபிட்டியவிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு ஏறும் ஒற்றைப் பாதை அது. வளைவில் அவனுடைய சிவப்பு த்ரீவீலர், படுத்த மாடு மாதிரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. மேலேயிருந்து இறங்கி வந்த வெள்ளை வேன் கிறீச்சிட்டு, த்ரீவீலரை முகர்ந்து பார்க்கிற தூரத்தில் நின்றது.

"பெயின்டுக்கு ஒண்டும் ஆகல்ல மிஸ்," என்றான் ஜவ்பர், கண்ணைத் திறக்காமலே. "எனக்கு என்ன ஆச்செண்டு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

 பிரேக் போட்ட வேகத்தில் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஏதோ உருண்டு வந்து அனிற்றாவின் செருப்பில் முட்டியிருந்தது. குனிந்து எடுத்தாள். மஞ்சள் லேபல் ஒட்டிய சின்னப் பிளாஸ்டிக் போத்தல். அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

வேனிலிருந்து இறங்கியவன் ரெஜினோல்ட். பெல்மதுளைச் சந்தியில் டயர்க் கடை வைத்திருப்பவன். உடம்பும் ஏறக்குறைய அதே வடிவம். பின்சீட்டில், மடியில் பயணப் பையை அணைத்தபடி அவனுடைய தங்கை சரோன் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

இந்தச் சரோனுக்காகத்தான் அனிற்றா பாதையை மறித்தாள். கேகாலையில் ஒரு சட்டத்தரணியிடம் பல காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது புளத்கொகுபிட்டிய பஸ் நிலையத்துக்கு எதிர்மாடியில் 'தகவல் விசாரணை' என்று போர்டு மாட்டியிருப்பவள் அனிற்றா. அவளுடைய வாகனம், உதவியாளன், கேட்காத அபிப்பிராயம் எல்லாமே ஜவ்பர். நேற்று அந்த மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்த சரோன் சொன்னது கொஞ்சம்தான். "மாமாவுக்கு நான் ஒண்ணும் செய்யல்லக்கா. ஆனா நான் என்ன செஞ்சேன்னு கேக்காதீங்க. பைபிள் மேல கை வச்சிருக்கேன்."

விசயம் இதுதான். சரோனின் கணவன் மெல்வின் கட்டாரில். அவள் இருப்பது மாமனார் யோசப், மாமியார் மரியம்மாவுடன். யோசப் ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை. நீண்ட காலமாகச் சீனி வருத்தம், நீரிழிவு; கிளினிக் மாத்திரைக் குளிசையில் ஓடிய உடம்பு. ஆனால் சமீபத்தில் அவர் வேறொரு காரணத்துக்காகப் பிரபலமாகியிருந்தார். பஸாரில் ஹலீம் ஸ்டோர்ஸ் தயாரிக்கும் 'தங்கச் சுடர்' மஞ்சள் கெப்சியூலுக்கு அவர்தான் சாட்சி. 'குளிசையை விட்டேன், கவலையை விட்டேன்' என்று கைகூப்பிச் சிரிக்கும் அவருடைய படம் கடையிலும் பஸ் தரிப்பிடத்திலும் தொங்கியது. ஜவ்பரின் த்ரீவீலர் முதுகிலும் அதுதான். அங்கே ரெக்சின் கிழிந்திருந்தது, பேனர் இலவசம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கேகாலையில் ஒரு மண்டபத்தில் யோசப்புக்கு மேடை, மாலை, மைக் எல்லாம் ஏற்பாடாகியிருந்தது.

அப்படிப்பட்ட மனிதர் அடிக்கடி விழுந்தார். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், பிறகு வெட்டின மரம். இன்று காலை கூட்டுறவுக் கடை வாசலில் விழுந்தபோது அள்ளிப்போட்டுத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனவன் ஜவ்பர். டிஸ்பென்சர் ஐயா விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சீனி அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்று சொல்லி வாயில் சீனித் தண்ணீரை ஊற்றினார். எழுந்து உட்கார்ந்தவரிடம், குளிசை கூடுதலாகப் போட்டீர்களா என்று கேட்டார். யோசப் வாசலில் நின்ற த்ரீவீலரின் முதுகைக் காட்டினார்.

குளிசையே போடாத மனிதர் ஏன் விழுகிறார்? மரியம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. மருமகள் சோற்றில் ஏதோ வைக்கிறாள். முதுகைக் காட்டிக்கொண்டு மாமனாரின் தட்டில் அவள் எதையோ செய்ததை மரியம்மா கண்ணால் கண்டாள். கேட்டாள். சரோன் பதில் சொல்லவில்லை. கட்டாருக்குப் போன் போனது. மெல்வின் அந்தப் பக்கம் அழுதுவிட்டு, கொஞ்ச நாளைக்கு அண்ணன் வீட்டில் இரு என்றான். அண்ணன் வேனோடு வந்துவிட்டான்.

இதையெல்லாம் மறுபடி சொல்லிக்கொண்டிருக்க அனிற்றாவுக்கு நேரமில்லை. ரெஜினோல்ட்டின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பொறுங்க. இந்த வளைவத் தாண்டிட்டீங்கன்னா ஒங்க தங்கச்சி ஊர விட்டுப் போகல்ல, மாமனாருக்கு வெசம் வச்சவன்னு பேரு வாங்கிக்கிட்டுப் போகுது. அந்தப் பேரு பெல்மதுளைக்கு ஒங்களுக்கு முந்தியே போயிரும்."

ரெஜினோல்ட் வேனைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், பாதையில் கிடந்த த்ரீவீலரைப் பார்த்தான்.

"சாப்பாடு அவங்க வீட்டுலயா?" என்று கேட்டான்.

"அங்கதான்."

"அப்ப சரி."

வேன் பின்னோக்கி மேலே ஏறியதும் அனிற்றா போத்தலை எடுத்தாள். காலையில் யோசப்பின் சட்டைப் பையிலிருந்து விழுந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றான் ஜவ்பர். மனிதர் அதை வேதப் புத்தகம் மாதிரி எங்கும் கொண்டு திரிந்து, கண்டவருக்கெல்லாம் காட்டுவாராம்.

உள்ளங்கையில் நாலைந்தைக் கொட்டினாள். கண்ணாடி மாதிரி மெல்லிய உறை. உள்ளே மஞ்சள் தூள். ஆனால் ஒவ்வொன்றிலும், உறையின் இரண்டு பாதியும் பொருந்துகிற இடத்தில் செக்கச்செவேலென்று சின்னச் சின்னப் புள்ளிகள்.

"ரத்தம்," என்றான் ஜவ்பர்.

"கெப்சியூலுக்கு எங்கருந்து ரத்தம்?"

"அதத்தான் மிஸ் நீங்க கண்டுபிடிக்கணும். நான் சொல்லிட்டா ஒங்களுக்கு என்ன வேலை?"

*

ஹலீம் ஸ்டோர்ஸுக்குள் நுழைந்தவர்கள் தும்மாமல் திரும்புவதில்லை. மிளகாய், மல்லி, மஞ்சள் மூன்றும் அங்கே காற்றில் பங்கு கேட்டன. ஹலீம் வெள்ளைத் தொப்பியும் மெல்லிய தாடியுமாகக் கல்லாவில் இருந்தார். அவருக்குப் பின்னால் யோசப் ஆளுயரத்துக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

அனிற்றா சுற்றி வளைக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு புதுப் போத்தலை எடுத்து, சீலை உடைத்து, ஒரு கெப்சியூலை அவர் முன்னால் வைத்தாள். விழுங்கச் சொன்னாள்.

ஹலீம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றி மாட்டினார். இப்போது வேண்டாம் என்றார். சாப்பிட்டுவிட்டேன் என்றார். நோன்பு என்றார்.

"சாப்புட்ட நோன்பா, ஹலீம் நானா?" என்றான் ஜவ்பர். பிறகு அனிற்றாவின் காதருகே குனிந்தான். "தன்ட சாமான தானே தின்னாத வியாபாரி. கேஸ் முடிஞ்சி மிஸ். நாங்களும் சாப்புடப் போவமா?"

ஹலீம் இரண்டு பேரையும் பார்த்தார். கடையில் வேறு ஆள் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார். மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளே கையை விட்டு, ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்தார். கிளினிக்கில் கொடுக்கிற காகித உறை. அதற்குள் குளிசைகள்.

"எனக்கும் சீனி வருத்தம் ஈக்கி," என்றார் தாழ்ந்த குரலில். "கிளினிக் குளிசை போடுற ஆள் நான். குளிசையோட இந்த மஞ்சளையும் சேத்து எடுத்தா சீனி கூடுதலா இறங்கிரலாம், டொக்டர்ட்ட கேக்காம தொட வேணாமெண்டு பார்மசியில சொல்லிட்டாங்க. அதான் நான் திங்கிறல்ல."

"பின்னால குளிசையை விட்டேன்னு எழுதியிருக்கே?"

"நான் விட்டேன்டா எழுதி ஈக்கி? அவர் விட்டேன்டார். அத எழுதினேன்."

அனிற்றா அவரை உற்றுப் பார்த்தாள். ஹலீம் யோசப்பின் படத்துக்குப் பின்னால் ஒளிய இடம் தேடுகிறவர் மாதிரித் திரும்பினார். இதை வாங்குகிற வேறு யாராவது விழுந்திருக்கிறார்களா என்று கேட்டாள். விழுவதா, ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லித்தான் எல்லாரும் சண்டைக்கு வருகிறார்கள் என்று ஹலீம் வருத்தப்பட்டார்.

அவள் யோசப்பின் போத்தலிலிருந்து ஒன்றையும் கடையின் போத்தலிலிருந்து ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கடையினுடையது சுத்த மஞ்சள். யோசப்பினுடையதில் சிவப்புப் புள்ளி. அதோடு உறை கொஞ்சம் நசுங்கியிருந்தது. ஹலீம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது நான் மூடின மூடல் இல்ல," என்றார். "ஆரோ தொறந்து திரும்பப் பூட்டி ஈக்கி. வல்லாஹி, என்ட மெசின் இப்பிடி நசுக்காது."

வெளியே வந்ததும் ஜவ்பர் த்ரீவீலரைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினான். 

"வியாபாரியும் இல்லையெண்டா அந்தப் புள்ளதான் மிஸ்," என்றான். "எனக்கு விருப்பமில்ல. ஆனா வேற ஆரு ஈக்கிற அந்த வீட்டுல?"

"ஒரு விசயம் யோசி. குளிசையோட சேத்தாத்தான் சீனி அதிகமா எறங்கும்னு ஹலீம் சொன்னாரு. மத்தவங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகல்ல. யோசப் ஐயா குளிசைய விட்டவரு. விட்டவருக்கு ஏன் எறங்குது?"

ஜவ்பர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அப்படிப் பார்த்ததில் ஒரு வளைவு தவறியது.

"ரோட்டப் பாரு," என்றாள் அனிற்றா.

*

வேன் முற்றத்தில் நின்றது. சரோன் அதற்குள்ளேயே இருந்தாள். அடுப்படிப் பக்கம் அவள் வரக்கூடாது என்பது மரியம்மாவின் கட்டளை. ரெஜினோல்ட் அந்தக் கட்டளைக்கு உட்படாதவன் என்பதால் சாப்பாட்டு மேசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தான்.

மரியம்மா ஒடிசலான, வேகமான பெண். வாயில் வெற்றிலை. அவளே சமைத்து, அவளே பரிமாறினாள். நடுநடுவே போய்ப் பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு செம்பு. வீட்டில் விசம் வைக்கிற ஆளை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டாள். ரெஜினோல்ட் பருப்பைக் கேட்டான்.

யோசப் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். பேனரில் இருப்பதைவிட மெலிந்திருந்தார். தட்டில் சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு, மேலே ஒரு அப்பளம்.

அவர் அப்பளத்தைத் தூக்கினார். அதற்குக் கீழே பார்த்தார். திரும்ப வைத்தார்.

பிறகு அப்பளத் தட்டத்திலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதையும் திருப்பிப் பார்த்தார். அதையும் வைத்தார். ஜன்னல் வழியே வேனைப் பார்த்தார். சோற்றில் கை வைக்கவில்லை.

"சாப்புடுங்களேன்," என்றாள் மரியம்மா.

பசியில்லை என்றார் யோசப். மூன்றாவது அப்பளத்துக்குக் கை போனது.

"ஐயா," என்றாள் அனிற்றா. "அப்பளத்துக்குக் கீழ என்னத்தத் தேடுறீங்க?"

 ரெஜினோல்ட் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அப்பளத்துக்குக் கீழ சோறுதான் ஈக்கும் ஐயா," என்றான் ஜவ்பர் உதவியாக.

"ஒங்க குளிசை அங்கதான் இருக்கும், இல்லையா?" என்றாள் அனிற்றா. "நெதமும் சாப்பாட்டுக்கு முந்தி சரோன் வச்சுக் குடுக்கும். இன்னைக்கு அது வேன்ல இருக்கு. குளிசை வரல்ல. அதான் நீங்க சாப்புடாம காத்துக்கிட்டு இருக்கீங்க."

யோசப் முற்றத்தைப் பார்த்தார். அங்கே த்ரீவீலரின் முதுகில் அவரே அவரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

மெல்ல மெல்ல வந்தது கதை. குளிசையை விட்டதாகக் காட்ட, ஹலீமின் கடை வாசலில் எல்லார் முன்னாலும் அவர் தூக்கி எறிந்தது வெறும் உறை. குளிசைகளை முதல் நாளே சரோனிடம் கொடுத்திருந்தார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பைபிளில் கை வைக்கச் சொன்னார். சரோன் முதலில் மறுத்தாளாம். அவர் அழுது கேட்டாராம்.

"இதே சீனி வருத்தத்துல எங்கண்ணனுக்குக் கால எடுத்தாங்க," என்றார் யோசப். "எனக்குப் பயம். படத்துல நிக்கவும் ஆச. குளிசைய விடவும் பயம்."

வாசலில் சரோன் நின்றாள். எப்போது இறங்கி வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ரெஜினோல்ட் எழுந்து, சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு, இடது கையால் வேனிலிருந்து பையைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். ஒருவரும் சொல்லாமல் அவனே செய்தான். பிறகு உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டான்.

மரியம்மா மருமகளைப் பார்க்கவில்லை. போய் இன்னொரு செம்புத் தண்ணீர் குடித்தாள்.

"குளிசையும் மஞ்சளும் சண்டை புடிச்சதால விழுந்தார்," என்று ஜவ்பர் தீர்ப்பு எழுதினான். "ஐயாவ விழுத்தினது ஐயாவேதான். முடிஞ்சி."

"முடியல்ல," என்றாள் அனிற்றா. "அப்பளம் சரோனோடது. இந்தச் சிவப்பு யாரோடது?"

போத்தலை மேசையில் வைத்தாள். ஒரு வெள்ளைத் தட்டில் ஒரு கெப்சியூலைத் திறந்து கொட்டினாள். மஞ்சள் தூளுக்கு நடுவே, இடித்த மாவு மாதிரி வெள்ளையாக இன்னொரு தூள். கடையிலிருந்து கொண்டுவந்த ஹலீமின் போத்தலிலிருந்து ஒன்றைப் பக்கத்தில் கொட்டினாள். அதில் மஞ்சள் மட்டும்தான். அவள் எதுவும் விளக்கவில்லை. மரியம்மாவின் பக்கம் திரும்பி, ஒரு வெற்றிலை கிடைக்குமா என்று கேட்டாள்.

விருந்தாளி வெற்றிலை கேட்டால் எந்தக் கோபத்திலும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். மரியம்மாவின் கை பழக்கத்தில் ஓடியது. வெற்றிலைத் தட்டத்தை இழுத்தாள், இலையைத் துடைத்தாள், டப்பியில் விரலை விட்டுச் சுண்ணாம்பை எடுத்தாள், தடவினாள். நீட்டினாள்.

"நன்றிம்மா. அந்த விரலால இந்தத் தூளக் கொஞ்சம் தொடுங்க."

மரியம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது. தொடவில்லை. பின்னால் போனது.

ஜவ்பர் பொறுமை இழந்தான். டப்பியில் தன் விரலை விட்டு, கடையின் சுத்த மஞ்சளில் வைத்து இழுத்தான். தட்டில் ஒரு கோடு செக்கச்செவேலென்று விழுந்தது. அந்த மேசையைச் சுற்றி இருந்த யாருக்கும் அது புதிதில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த ஆலாத்தித் தண்ணீரைத்தான் சரோன் மருமகளாக வந்த அன்று இதே வாசலில் மரியம்மா சுற்றி ஊற்றினாள்.

"இந்த வீட்டுல வெத்தல போடுறது நீங்க ஒராள்தான்," என்றாள் அனிற்றா.

மரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் கணவன் மேல்.

"குளிசைய விட்டேன் விட்டேன்னு ஊரெல்லாம் படம் போட்டாரே. இவரோட அண்ணன் கால எடுத்தப்ப நானும் ஆசுபத்திரியில நின்னேன். சொன்னாக் கேக்கவா போறாரு? இவரு குளிக்கப் போவாரு, சட்டை ஆணியில தொங்கும். கெப்சியூலத் தொறந்து கொஞ்சம் மஞ்சளக் கொட்டிட்டு, குளிசைய இடிச்சுப் போட்டு மூடி வைப்பேன். மஞ்சள்னு நெனச்சு முழுங்குவாரு. உசிரோட இருப்பாருன்னு பாத்தேன்."

 மருமகள் அப்பளத்தில் ஒன்று, மனைவி கெப்சியூலில் ஒன்று, மேலே ஹலீமின் மஞ்சள். ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, இரண்டு பேருமாக அவரை விழுத்தியிருந்தார்கள்.

"இன்னும் ஒராள் இவர்ல பாசம் வச்சிருந்தா," என்றான் ஜவ்பர், "மௌத்தாகி ஈப்பார்."

யோசப் அவனிடம், தயவுசெய்து த்ரீவீலரிலிருந்து அந்தப் படத்தைக் கிழித்துவிடச் சொன்னார். கிழித்தால் மழை உள்ளே வரும் ஐயா என்றான் ஜவ்பர்.

ரெஜினோல்ட் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். மரியம்மாவுக்கு ஒரு பிளேன்டீ ஊற்றி முன்னால் வைத்தாள் சரோன். அடுப்படிக்குள் வரக்கூடாது என்ற கட்டளை எப்போது காலாவதியானது என்று யாரும் கேட்கவில்லை. மரியம்மா டப்பாவிலிருந்து வழக்கம்போல ஒரு துண்டு கித்துல் கருப்பட்டியை எடுத்தாள்.

அனிற்றா கைப்பையை மூடினாள். நாளைக்கே யோசப்பும் மரியம்மாவும் கிளினிக்குக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும் என்றாள். எழுந்தாள். வாசல் வரை போனவள் நின்றாள். அவளுடைய கண் தண்ணீர்ப் பானைமேல் போனது. அதன்மேல் கவிழ்த்திருந்த செம்பு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஐயாவோட குளிசை எல்லாம் சரோன்கிட்ட இருந்திச்சு. அதுல ஒண்ணும் கொறையல்லையே, சரோன்?"

சரோன் இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப நீங்க இடிச்ச குளிசை யாரோடது?"

மரியம்மாவின் கருப்பட்டி வாய்க்கும் மேசைக்கும் நடுவே நின்றது. வேறு எங்கோ வாங்கினேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். யோசப் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கிளினிக்குக்குப் போகிற நாளெல்லாம் துணைக்கு வருகிறேன் என்று கூடவே வந்தவள். அவர் ஆண்கள் வரிசையில் நிற்கும்போது, எனக்கென்ன வேலை என்று பெண்கள் பக்கம் போய்விடுகிறவள்.

"என்னோடதுதான்," என்றாள் மரியம்மா, தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "எனக்கும் சீனி இருக்கு. போன வருசம் குத்திப் பாத்தாங்க. ஒரு வீட்டுல ஒராளுக்கு இருந்தாப் போதும்னு சொல்லல்ல. இவரு படத்துல வந்த நாள்லருந்து நான் ஒண்ணும் போடல்ல."

சரோன் குனிந்து, மாமியாரின் விரல்களைப் பிரித்து, கருப்பட்டியை எடுத்துக்கொண்டாள். மரியம்மா விட்டுக்கொடுத்தாள்.